ஜீப் கதவில் ஒரு முழங்கை

நாராயணவனம்
8-6-1997

அன்புள்ள மாமாவுக்கு,

தேன்மொழி எழுதுகிறேன். இங்கே நானும் நைனாவும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். குவைத் வெயிலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை உங்கள் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம ஊரு வெயிலு எவ்ளோ மேலு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் விசிறி கேட்காமல் தூங்கினார்.

படகு வந்துவிட்டது. பழவேற்காட்டிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் இறக்கினார்கள். நீல நிற ஃபைபர் படகு, பின்பக்கம் மோட்டாரோடு. லாரி திரும்புவதற்குள் நைனா படகின் மூக்கில் மஞ்சள் பூசி, இரண்டு கண் எழுதி, குங்குமம் வைத்துக் கங்கம்மா சாமியின் முகம் செய்துவிட்டார். இத்தனை வருஷம் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை வீசியவர். இப்போது யாராவது வழியில் நின்று பார்த்தால், "நம்முதுதான், மவன் வாங்கினான்" என்று கேட்காமலே சொல்கிறார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

இனிதான் பிரச்சினை. மீனவர் சொசைட்டியில் நமக்கு வடமாலபேட்டையைத் தாண்டி ரேணிகுண்டா பக்கத்து ஏரியை ஒதுக்கியிருக்கிறார்கள். போன வருஷத்து மழைத் தண்ணீர் இன்னும் நிற்கிறது, மீன் பெருத்துக் கிடக்கிறதாம். ஏரிக்கரையில் படகை விட்டுவிட்டு வந்தால் மறுநாள் மோட்டார் இருக்காது. கொண்டுபோகவும் கொண்டுவரவும் நம்மிடம் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும். புத்தூரில் ஒரு மாருதி வேன் விலைக்கு இருக்கிறது. ஒரு டீசல் அம்பாசிடரும் டிராக்டரும் சொல்லியிருக்கிறார்கள். ரேணிகுண்டாவில் பட்டறை வைத்திருக்கும் சிரஞ்சீவி, பழைய ஜீப் ஏதாவது பார்க்கலாம் என்கிறார். நைனாவோடு கூலி வேலைக்குப் போன நாராயணசாமியின் மகன்தான் இந்தச் சிரஞ்சீவி. படகு ஏற்றும் டிரெய்லரை அவரே செய்து கொடுப்பதாகச் சொல்கிறார், ஆனால் இதுவரை படகு டிரெய்லர் செய்ததில்லையாம்.

முதலாளியின் படகை வாரா வாரம் வண்டிக்குப் பின்னால் மாட்டிக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர் நீங்கள். இந்த வேலை தெரிந்த ஒரே ஆள் நம் வீட்டில் நீங்கள்தான், நீங்களோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். எந்த வண்டி வாங்குவது, எப்படி இழுப்பது, எல்லாம் விவரமாக எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் ஒன்றும் செய்ய மாட்டோம்.

உங்கள்
தேன்மொழி


குவைத்
24-6-1997

அன்பு தேன்மொழிக்கு,

முரளி எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படகு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு அறையில் எல்லோருக்கும் நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

வண்டி விஷயத்தைக் கவனமாகப் படி. மாருதி வேன் வேண்டவே வேண்டாம். இழுக்கிற வண்டி, இழுபடுகிற படகைவிட நல்ல கனமாக இருக்க வேண்டும். வேன் லேசு. நீ பிரேக் போட்டாலும் பின்னால் வருகிற படகு நிற்காது, வேனைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அம்பாசிடர் தார் ரோட்டில் இழுக்கும், ஏரிக்கரைச் சேற்றில் படகை மேலே ஏற்றும்போது சக்கரம் சும்மா சுற்றும். டிராக்டருக்குப் பலம் உண்டு, ஆனால் சென்னை ரோட்டில் பஸ்காரன் பின்னால் வந்து ஏறுவான். நாலு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப்தான் சரி.

எந்த ஜீப்பையும் நம்பிவிடாதே. புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். கீழே படுத்து அடிச்சட்டத்தை, அதாவது சேஸியைப் பார், வெல்டிங் போட்ட தழும்பு இருந்தால் திரும்பி வந்துவிடு. பிரேக்கை மிதித்து அப்படியே பிடித்திரு, பெடல் மெல்ல இறங்கினால் வேண்டாம். கொக்கியைப் பம்பரில் மாட்டக் கூடாது, சேஸியில்தான் மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் படகு ஓடாமல் இருக்க இரண்டு சங்கிலி குறுக்கே போட வேண்டும்.

இதை மட்டும் மறக்காதே. படகை ஏற்றிய பிறகு டிரெய்லரின் முன்முனையைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல். ஒரு ஆள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால் தூக்க வர வேண்டும். சுளுவாக வந்தால் படகு ரோட்டில் வாலாட்டும். தூக்கவே முடியாவிட்டால் பாரம் மொத்தமும் ஜீப்பின் பின்பக்கம் உட்காரும், முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்காது, ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இங்கே ஒருவன் அப்படித்தான் செத்தான். டிரெய்லருக்குச் சக்கரம் எங்கே வர வேண்டும் என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நாராயணசாமிக்கு ஒரு மகன் இருந்தது ஞாபகம் இருக்கிறது, மூக்கு ஒழுகிக்கொண்டு திரிவான். அவன் பட்டறைக்கு நீ எதற்குப் போகிறாய்? நைனாவை அனுப்பு.

அன்புடன்
முரளி


நாராயணவனம்
11-7-1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் படமும் வந்தன. மூக்கு ஒழுகினவருக்கு இப்போது மீசை இருக்கிறது, இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த இடம் வந்தபோது நைனாவுக்குப் படிக்காமல் தாண்டிவிட்டேன். பாவம், அவருக்கு நாராயணசாமி மேல் உயிர்.

நைனாவை வண்டி பார்க்க அனுப்பச் சொல்கிறீர்கள். நைனாவுக்கு எல்லா வண்டியும் அழகாகத்தான் தெரியும். முதல் நாளே ஒரு சிவப்பு ஜீப்பைப் பார்த்து, "இது ஷோக்கா கீதும்மா, இதையே புடிச்சிக்கலாம்" என்று பின்சீட்டில் ஏறிப் படுத்துவிட்டார். நான் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். புதுப் பெயிண்ட். சேஸியில் ஒரு முழ நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, அதன் மேல் பட்டி பூசியிருந்தது. விற்க வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மேடம் மெக்கானிக்கா?" என்று தெலுங்கில் சிரஞ்சீவியிடம் கேட்டான். "கடிதம் படிச்சவங்க" என்றார் அவர். வண்டி விஷயத்தில் உங்கள் சந்தேகப் புத்தி நல்லதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் மூன்று வண்டி தள்ளிவிட்டு, அரசாங்க ஆபீசில் ஓடி ஏலத்துக்கு வந்த பச்சை ஜீப் ஒன்று கிடைத்தது. அழகு கிடையாது. கதவு மூட இரண்டு தடவை அடிக்க வேண்டும். ஆனால் பிரேக் கல் மாதிரி நிற்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிறது. எடுத்துவிட்டோம்.

உங்கள் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து டிரெய்லர் வேலை நடக்கிறது. ஒரு குறை சொன்னால் கோபிக்கக் கூடாது. படகை மாங்கொட்டை மாதிரி வரைந்திருக்கிறீர்கள், முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறது. நைனா அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கண்ணு வச்சிருந்தா மீனு" என்றார்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னது நிச்சயம்தானா? நீங்கள் வந்து ஓட்டுகிற வரைக்கும் சிரஞ்சீவியே ஓட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாட்களை எண்ணுவதில்லை என்று சொன்னால் அது பொய்.

உங்கள்
தேன்மொழி


குவைத்
28-7-1997

தேன்மொழிக்கு,

நம் ஊர்த் துலுக்காணம் எனக்கு எழுதியிருக்கிறான். ரேணிகுண்டா ரயில்வே கேட்டில் பச்சை ஜீப் நின்றதாம். முன்சீட்டில் நீ உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தாயாம். ஸ்டீரிங்கில் மீசைக்காரன் ஒருவன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்களாம். நைனா கூட இல்லையாம். துலுக்காணத்துக்கு என்னிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் ஊர் நினைக்கும். அந்த ஆளுக்கு மீசை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்றெல்லாம் நீ எதற்கு எனக்கு எழுதுகிறாய்? நான் அதைக் கேட்கவில்லையே. அவன் என்ன சொன்னான், விற்க வந்தவன் என்ன கேட்டான் என்று கடிதம் முழுக்க அவன்தான் இருக்கிறான். படகைப் பற்றி எழுதியது நாலு வரி.

இனி அந்த ஜீப்பில் நீ ஏறக் கூடாது. எங்கே போவதானாலும் நைனா போகட்டும்.

டிரெய்லர் முடிந்ததும் படகை ஏற்றிக் கட்டி, ஜீப்பில் மாட்டி, மூன்றும் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நீயும் அதில் நில். சரியாகக் கட்டியிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். நான் சொல்லும்வரை வண்டியை ரோட்டில் இறக்காதே.

முரளி


நாராயணவனம்
14-8-1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். நைனா படிக்கச் சொன்னார். "நல்லாக் கீறாராம், போட்டோ கேக்குறாரு" என்றேன். மீதியை எப்படிப் படிப்பது?

கலர் குடித்தது நிஜம். சிரித்ததும் நிஜம். நைனா கூட இல்லை என்பதுதான் பொய். அவர் பின்சீட்டில் தலை சுற்றிப் படுத்திருந்தார், அவருக்காக வாங்கின கலரை "நீ குட்சிடும்மா" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். துலுக்காணத்துக்கு அவ்வளவு தூரத்தில் என் சிரிப்பு தெரிந்ததாம், ஜீப்புக்குள் படுத்திருந்த ஒரு ஆள் தெரியவில்லையாம். உங்களுக்கு அவன் எழுதியது நம்பும்படி இருக்கிறது, நான் எழுதியது இல்லை. வலிக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்னபடி இனி அந்த வண்டியில் ஏறவில்லை.

போட்டோ வைத்திருக்கிறேன். புத்தூர் ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்தார். ஓரத்தில் நிற்பது நான்தான், உங்கள் அம்மாவின் அரக்குப் புடவை. போட்டோவில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அது என்ன என்று சொல்லக் கூடாது, நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது நைனாவின் உத்தரவு.

இப்போது முக்கியமான சங்கதி. படகை முதலில் ஏற்றியபோது கங்கம்மா முகம் ஜீப்பைப் பார்த்து இருந்தது. நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி வுடுற பொகையெல்லாம் அம்மா மூஞ்சிலயே அட்ச்சிகினு இருந்தா நல்லாவா இருக்கும்? திருப்புங்கடா" என்றார். ஏழு பேர் சேர்ந்து படகைத் தூக்கித் திருப்பி வைத்தோம். இப்போது முகம் பின்னால் பார்க்கிறது, மோட்டார் ஜீப் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி முன்முனையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு ஆளால் முடியவில்லை. மூன்று பேர் பிடித்துத்தான் எழுந்தது. ஜீப்பில் மாட்டியதும் அதன் பின்பக்கம் கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி எனக்குத் தெரிகிறது. நைனா, "பாரம்னா குந்தத்தான் செய்யும்" என்கிறார். சிரஞ்சீவிக்கும் யோசனையாக இருக்கிறது. "அண்ணன் வாரா வாரம் இழுக்குறவரு, அவரு போட்டோ பாத்து சரின்னா சரி அண்ணி. அவர் வாயால வரட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஆகவே போட்டோவை நன்றாகப் பாருங்கள். இப்படி இழுக்கலாமா, கூடாதா? இது ஒன்றுதான் கேள்வி. புரட்டாசி பிறந்துவிட்டால் நம் பக்கம் மீன் வாங்க ஆள் வராது, அதற்குள் ஒரு முறையாவது படகை இறக்காவிட்டால் ஏரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொசைட்டியில் சொல்கிறார்கள். உங்கள் பதில் வருகிற வரை படகு வேப்ப மரத்தடியை விட்டு நகராது.

உங்கள்
தேன்மொழி


குவைத்
29-8-1997

தேன்மொழிக்கு,

போட்டோவில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கண்டுபிடித்துவிட்டேன்.

ஜீப்பின் டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே நிழலில் முகம் தெரியவில்லை. ஆனால் முழங்கையைக் கதவின் மேல் வைத்து, ஏதோ ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருக்கிறான். நீ ஓரத்தில் நின்று அந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறாய். கேமராவைப் பார்க்கவில்லை.

அந்தக் கையில் ஒரு வாட்ச் இருக்கிறது. பக்கத்து அறைக்காரனிடம் பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தேன். மஞ்சள் பட்டை, சதுர முகம். போன வருஷம் ஊருக்கு வந்தவர் மூலம் நைனாவுக்கு நான் கொடுத்தனுப்பிய வாட்ச். அதை நைனா பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார், கட்டுவதே இல்லை என்று நீதானே எழுதினாய்? இப்போது எவன் கையில் இருக்கிறது? அதுவும் வலது கையில் கட்டியிருக்கிறான், ஸ்டைலாம். சட்டையும் எனக்குத் தெரிந்த சட்டைதான். கோடு போட்ட முழுக்கைச் சட்டை, நான் அனுப்பியது. மடித்துவிட்டிருக்கிறான்.

நைனா என்று சொல்லிவிடாதே. நைனா வாழ்க்கையில் வாட்ச் கட்டியதில்லை. மேலுக்குத் துண்டைத் தவிர எதையும் போட்டதில்லை. வண்டி கிளம்பினாலே வாந்தி எடுக்கிறவர், ஸ்டீரிங் பக்கம் போவாரா? என் அப்பாவுக்கு நான் அனுப்பிய பொருளை எடுத்து எவனுக்கோ போட்டு அழகு பார்க்கிறாய். அதை எனக்கே போட்டோ எடுத்து அனுப்பி வேடிக்கை என்கிறாய்.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நேற்று முதலாளி வீட்டு வண்டியைக் கேட்டில் இடித்துவிட்டேன். பொங்கலுக்கு வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

அது யார் கை? சுற்றி வளைக்காமல் பதில் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

முரளி


நாராயணவனம்
21-9-1997

மாமாவுக்கு,

அது நைனா கை.

வேறு எதையும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் முடியாது.

ஸ்டுடியோக்காரர் வந்த அன்றைக்கு நைனா பெட்டியைத் திறந்து, நீங்கள் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கைப் பக்கம் நீளமாக இருந்ததால் நான்தான் மடித்துவிட்டேன். "மவன் அங்க டிரைவராக் கீறான், நான் இங்க டிரைவர் மாரி குந்திகினு இருந்தா அவன் பாத்து சிரிப்பான்" என்றார். வண்டி ஓடாமல் நின்றால் அவருக்குத் தலை சுற்றாது. வாட்சை இடது கையில் கட்டினால் போட்டோவில் தெரியாது என்று வலது கைக்கு மாற்றிக் கட்டச் சொன்னார். கட்டியதும் நான்தான். அவர் முகத்தை அப்படி விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் நீங்கள் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. தபால்காரர் கையிலிருந்து நைனாவே வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். சிரஞ்சீவியும் அப்போது இருந்தார். இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்துகொண்டார்கள். "படிம்மா, போட்டோ பாத்து இன்னா எழுதிக்கினான்? நான் குந்திகினு இருந்ததைக் கண்டுபுட்ச்சானா?" என்று கேட்டார். நான் மனதுக்குள் ஒரு தடவை படித்தேன். படகைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

அந்தக் கடிதத்தை எப்படி நான் வாய்விட்டுப் படிப்பது? எழுதியது அவர் மகன். எழுதியிருப்பது அவர் கையைப் பற்றி. சந்தேகப்பட்டிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளை. அதனால் இல்லாததைப் படித்தேன். "நைனாவைக் கண்டுபிடித்துவிட்டேன், ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்" என்று படித்தேன். நைனா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரஞ்சீவி, "படகு பத்தி, அண்ணி?" என்று கேட்டார். என் முகத்தை அவர் பார்த்துவிடுவாரோ என்கிற பயம் எனக்கு. உங்கள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிற அவசரம். "எல்லாம் சரியாக் கீதாம், போகலாமாம்" என்று படித்துவிட்டு மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போனார்கள். நானும் போவதாகத்தான் முதலில் பேச்சு, நீங்கள் ஏறக் கூடாது என்றதால் என் இடத்தில் நைனா உட்கார்ந்தார். இந்தத் தடவை இடது பக்கத்துச் சீட்டு. வாட்சை இடது கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு, முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். வடமாலபேட்டைக்கு இந்தப் பக்கத்து இறக்கத்தில் எதிரே ஒரு பஸ் மற்றொரு பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறது. சிரஞ்சீவி ஸ்டீரிங்கைத் திருப்பியிருக்கிறார். ஜீப் திரும்பவில்லை. முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்கவில்லை. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதினீர்களே, அப்படியே. பின்னால் இருந்து படகு தள்ள, இடது பக்கத்துப் புளிய மரத்தில் உரசிக்கொண்டு போய் நின்றிருக்கிறது. கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் நைனாவின் கை.

உயிருக்கு ஒன்றும் இல்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். முழங்கை எலும்பு நொறுங்கியிருக்கிறது, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். கையை மடக்க வருமா என்று கேட்டேன், இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலை வீசுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச் கண்ணாடி இல்லாமல் என்னிடம் இருக்கிறது. சிரஞ்சீவிக்கு நெற்றியில் ஆறு தையல். அவர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "மோட்டார் பாரம் மொத்தம் ஜீப் மேல வந்துட்ச்சு அண்ணி, படகைத் திருப்பி வச்சது தப்பு. அண்ணன் எப்பிடிப் பாக்காம வுட்டாரு?"

என்னிடம் ஒரு பிரதி போட்டோ இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி எதுவும் வேண்டியிருக்கவில்லை. படகு பின்னும் முன்னும் மாறி நிற்கிறது, ஜீப்பின் வால் தரையில் உட்கார்ந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் பார்த்திருக்க வேண்டியது அதுதான். நீங்கள் மூன்று நாள் பார்த்தும் ஒரு முழங்கைதான் தெரிந்தது. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது, ஏனென்றால் "போகலாமாம்" என்று சொன்ன வாய் என்னுடையது.

துலுக்காணம் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். படகுக்கு ஒரு கீறலும் இல்லை. ஏரியை அடுத்த மாதம் வரை எங்களுக்கே விட்டுவைத்திருக்கிறார்கள். ஜீப்பைச் சரி செய்ததும் சிரஞ்சீவியிடம் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன். முன்சீட்டில்தான் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன், பின்சீட்டில் ஸ்டீரிங் இல்லை. ரேணிகுண்டா கேட்டில் வண்டி நின்றால் கலரும் குடிப்பேன். உங்கள் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. படகை எப்படி வைப்பது? கங்கம்மா முகத்தில் புகை படாமல் இழுக்க வழி இருக்கிறதா? நைனா கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்கிறார். தன் மகன் சரி என்று சொன்னதால் போனோம், அப்படியும் ஏன் இப்படி ஆயிற்று என்று அவருக்குப் புரியவில்லை. "அவன் சொன்னா தப்பாவாது, நம்ம தான் எதுவோ மாத்திப் பண்ணிட்டோம்" என்கிறார்.

அவருக்கு உங்கள் அடுத்த கடிதம் வேண்டுமாம். தபால்காரரிடம் ஆஸ்பத்திரி வார்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார், கொடுத்துவிட்டேன். கடிதம் அவர் கைக்குத்தான் வரும். பிரித்து என்னிடம் கொடுப்பார், சிரஞ்சீவியும் பக்கத்தில் இருப்பார். இனிமேல் நான் எந்த வரியையும் தாண்ட மாட்டேன், இல்லாத வரியைச் சேர்க்கவும் மாட்டேன். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்களோ அதை அப்படியே உரக்கப் படிப்பேன். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

தேன்மொழி